ஒரே வரியில் ஒரு நாடே கறுப்பு வெள்ளை! தெரியுமா?

2020 ஏப்ரல் 4. காலை 10 மணி. கொரோனாவில் இறந்தவர்களுக்காக சீனா முழுக்க 3 நிமிட மௌன அஞ்சலி. நாடெங்கும் சைரன் ஒலி. அதே நாளில் கம்ப்யூட்டரையும் போனையும் திறந்தவர்களுக்கு ஓர் அதிர்ச்சி! செய்தித் தளங்கள், பொருள் விற்கும் தளங்கள், வீடியோ தளங்கள் என எங்கே போனாலும் நிறமே இல்லை. எல்லாம் கறுப்பு வெள்ளை!

இதற்காக எத்தனை கோடிப் படங்களை மாற்றியிருப்பார்கள்? ஒரு படத்தைக்கூடத் தொடவில்லை! பக்கத்தின் அழகைத் தீர்மானிக்கும் ஸ்டைல்ஷீட்டில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். "ஃபில்டர்: கிரேஸ்கேல்(1)" என்பதுதான் அந்த வரி. ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் தட்டினால் மொத்தம் 19 குறிகள். 19 குறிகளில் பக்கத்திலுள்ள படம், எழுத்து, பட்டன், விளம்பரம் எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும்!

சீனா மட்டுமா? 2016 அக்டோபரில் தாய்லாந்து மன்னர் பூமிபோல் இறந்தபோது அந்த நாட்டுத் தளங்களும் இப்படித்தான் நிறம் இழந்து நின்றன. 2022 இறுதியில் முன்னாள் அதிபர் ஜியாங் ஜெமின் மறைவுக்காக சீனத் தளங்கள் மறுபடியும் சாம்பலாயின. துக்கத்துக்குக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடுவது பழைய வழக்கம். ஸ்டைல்ஷீட்டில் ஒரு வரி எழுதுவது இந்த நூற்றாண்டின் வழக்கம்!

இதிலே ஒரு விநோதமான சிக்கல் இருக்கிறது, தெரியுமா? இந்த வரியை "பாடி" என்ற பகுதியில் எழுதினால், திரையின் மேலேயோ கீழேயோ அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டிய மெனுப் பட்டை திடீரென்று இடம் மாறிவிடும்! பக்கத்தை உருட்டினால் அதுவும் கூடவே உருண்டு ஓடும்! நிறத்தை மாற்றச் சொன்னால் இடம் ஏன் மாறுகிறது? ஃபில்டர் போட்ட பகுதி, தனக்குள்ளே இருக்கும் "ஃபிக்ஸட்" பொருட்களுக்குத் தானே எல்லையாகிவிடும் என்பது விதி. அந்த விதிக்கு ஒரே ஒரு விலக்கு: பக்கத்தின் ஆணிவேரான "ஹெச்டிஎம்எல்" பகுதி. அதே வரியை அங்கே எழுதினால் மெனு அசையாது! ஒரே வரி, எழுதும் இடம்தான் வேறு. துக்க நாளின் அவசரத்தில் இந்த வித்தியாசம் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொண்ட புரோகிராமர்கள் நிறைய!

அது சரி, ஒரு நிறத்தைச் சாம்பலாக்குவது என்றால் என்ன? சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுப்பது என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை! சிவப்பில் 21.26 சதவீதம், பச்சையில் 71.52 சதவீதம், நீலத்தில் வெறும் 7.22 சதவீதம்! இந்த மூன்றையும் கூட்டினால் வருவதுதான் அந்தப் புள்ளியின் சாம்பல்.

இந்த விசித்திரமான எண்கள் எங்கிருந்து வந்தன? ஹெச்டி டிவிக்காக 1990-ல் வகுக்கப்பட்ட சர்வதேசத் தரத்திலிருந்து! மனிதக் கண்ணுக்குப் பச்சை பளிச்சென்று தெரியும், நீலம் மங்கலாகவே தெரியும். அந்தக் கண்ணின் கணக்கைத்தான் உங்கள் பிரவுசர் போடுகிறது. திரையில் காட்டக்கூடிய மிகப் பிரகாசமான பச்சை, இந்தக் கணக்கில் 255-க்கு 182 என்ற வெளிர் சாம்பலாகும். அதேபோல மிகப் பிரகாசமான நீலம்? வெறும் 18! கிட்டத்தட்டக் கறுப்பு! பச்சைப் புடவையும் நீலப் புடவையும் கட்டி நிற்கும் இருவரைப் படமெடுத்து இந்த ஃபில்டரைப் போட்டுப் பாருங்கள். எது எங்கே போனது என்று நீங்களே தேடுவீர்கள்!

இந்தக் கணக்கு எத்தனை முறை நடக்கிறது தெரியுமா? ஒரு ஃபுல் ஹெச்டி திரையில் 20,73,600 புள்ளிகள். படம் அசைந்துகொண்டிருந்தால் திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். ஆக, ஒரு வினாடிக்கு 12 கோடியே 44 லட்சத்து 16 ஆயிரம் புள்ளிகள்! ஒவ்வொரு புள்ளிக்கும், மூன்று நிறங்களுக்கும் மும்மூன்றாக, 9 பெருக்கல் என்று வைத்தால், வினாடிக்கு 111 கோடியே 97 லட்சத்து 44 ஆயிரம் பெருக்கல்கள்! நீங்கள் கண் சிமிட்டும் நேரத்தில் பல கோடிக் கணக்குகளைச் சத்தமில்லாமல் முடித்துவிட்டு, அடுத்த ஃப்ரேமுக்குத் தயாராக நிற்கிறது கிராஃபிக்ஸ் சிப்!

இன்னும் பெரிய ஆச்சரியம் கேளுங்கள். இத்தனை நடந்தும் அந்தப் படத்தின் ஃபைலில் ஒரு பைட் கூட மாறுவதில்லை! சாம்பலாகத் தெரியும் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து சேமித்துப் பாருங்கள். கம்ப்யூட்டரில் வந்து விழுவது முழு வண்ணப் படம்!

ஒரு காலத்தில் சுட்டியை மேலே கொண்டுபோனால் நிறம் வரும் படம் வேண்டுமென்றால் இரண்டு படங்கள் தயாரிக்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் ஒன்று, வண்ணத்தில் ஒன்று. இரண்டையும் வாசகர் டவுன்லோடு செய்தாக வேண்டும். இப்போது ஒரே படம் போதும். கூடுதல் டேட்டா? அந்த ஒரு வரி மட்டும்தான்!

மொத்தம் எத்தனை ஃபில்டர்கள் தெரியுமா?

பத்து! பிளர் மங்கலாக்கும். பிரைட்னஸ் வெளிச்சத்தைக் கூட்டும், குறைக்கும். கான்ட்ராஸ்ட், டிராப் ஷேடோ, கிரேஸ்கேல், ஹியூ ரொட்டேட், இன்வர்ட், ஒபாசிட்டி, சாச்சுரேட், சீபியா. இந்தப் பத்தை முன்பின்னாகக் கோத்து எத்தனை முறை வேண்டுமானாலும் அடுக்கலாம். பத்தும் போதாதவர்களுக்குப் பதினோராவதாக ஒரு ரகசியக் கதவு உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்!

அடுக்கும்போது வரிசை மாறினால் என்ன ஆகும் தெரியுமா? முதலில் கிரேஸ்கேல், பிறகு சீபியா என்று எழுதினால் அழகான பழுப்பு நிறப் படம். முதலில் சீபியா, பிறகு கிரேஸ்கேல் என்று எழுதினால் வெறும் சாம்பல்! அதே இரண்டு சொற்கள், அதே எண்கள். இடம் மாறினால் படமே மாறிவிடுகிறது!

வெளிச்சத்தை இரண்டு மடங்காக்கி, உடனே பாதியாக்கினால் பழைய படம் திரும்பி வந்துவிடுமா? வராது! 200 என்ற அளவில் இருக்கும் ஒரு புள்ளியை இரட்டிப்பாக்கினால் 400. ஆனால் திரையின் உச்சவரம்பு 255. மிச்சமெல்லாம் வெட்டுப்பட்டுவிடும். அதைப் பாதியாக்கினால் 128. 200 போனது, 128 வந்தது! வானத்தில் இருந்த மேகக் கோடுகள் அத்தனையும் இப்படித்தான் காணாமல் போகின்றன.

கான்ட்ராஸ்டைப் பூஜ்யமாக்குங்கள். படம் முழுக்க ஒரே சாம்பல். இன்வர்ட் ஃபில்டரைச் சரியாக 50 சதவீதத்தில் நிறுத்துங்கள். அதே சாம்பல்! தாஜ்மஹால் படமாக இருந்தாலும் சரி, உங்கள் வீட்டு நாய்க்குட்டி படமாக இருந்தாலும் சரி, இந்த இரண்டு வழிகளிலும் போய்ச் சேரும் இடம் ஒன்றே!

சீபியாவுக்கு வருவோம். தாத்தா பாட்டி கல்யாணப் போட்டோவின் அந்தப் பழுப்பு நிறம் இருக்கிறதே, அதற்குக் காரணம் பழமை மட்டும் என்றா நினைத்தீர்கள்? பல படங்களில் அது ஸ்டூடியோக்காரர்கள் வேண்டுமென்றே செய்த ரசாயன வேலை! படத்தில் இருக்கும் வெள்ளித் துகள்களைக் கந்தகத்தோடு சேர்த்து சில்வர் சல்ஃபைடாக மாற்றினார்கள். வெறும் வெள்ளியைவிட அது நீடித்து உழைக்கும். படம் சீக்கிரம் கெடாமல் இருக்கச் செய்த வைத்தியம்தான் அந்தப் பழுப்பு! அதற்கும் முன்னால் ஐரோப்பிய ஓவியர்கள் இதே நிறத்தை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? கடலில் வாழும் கணவாயின் மைப்பையிலிருந்து!

அந்த ரசாயனம் முழுவதையும் பிரவுசர் 9 எண்களில் அடக்கிவிட்டது! புதிய சிவப்பு வேண்டுமா? பழைய சிவப்பில் 0.393, பச்சையில் 0.769, நீலத்தில் 0.189 எடுத்துக் கூட்டு. மற்ற இரண்டு நிறங்களுக்கும் இதேபோல மும்மூன்று எண்கள். கூட்டிப் பாருங்கள், சிவப்புக்கான மூன்று எண்களின் மொத்தம் 1.351! ஒன்றைத் தாண்டுகிறது! அதனால் படத்தில் சிவப்பு எப்போதும் தாராளமாகப் பொங்கும். நீலத்துக்கு மொத்தமே 0.937. அதனால் தூய வெள்ளைகூட வெள்ளையாக நிற்க முடியாது. 255, 255, 255 என்று இருந்த வெள்ளை 255, 255, 239 ஆகிவிடும். பழைய காகிதத்தின் அதே இளமஞ்சள்! கணவாய் இல்லை, கந்தகம் இல்லை, மூன்றாவது எண்ணில் 16 குறைந்தது, அவ்வளவுதான்!

நிறச்சக்கரத்தைச் சுழற்றும் ஹியூ ரொட்டேட் ஃபில்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 360 டிகிரி சுற்றினால் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடும். சரி, பாதி சுற்று? 180 டிகிரியில் சிவப்புக்கு நேர் எதிரே இருப்பது பளிச்சென்ற நீலப்பச்சை. ஆகவே அதுதானே வர வேண்டும்? வராது! தூய சிவப்பைக் கொடுத்தால் 0, 109, 109 என்ற இருண்ட நீலப்பச்சைதான் வரும். ஏன்? சிவப்பு கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தெரிந்ததோ, அந்த வெளிச்சத்தை ஒட்டியே மாற்று நிறத்தையும் தர வேண்டும் என்பது இந்த ஃபில்டரின் பிடிவாதம்! ஒரு நிறத்தின் துல்லியமான எதிர்நிறத்தை இதிலே தேடி ஏமாந்தவர்கள் ஏராளம்.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஹியூ ரொட்டேட் போட்டால் என்ன ஆகும்? ஒன்றுமே ஆகாது! நிறமே இல்லாத இடத்தில் எதைச் சுழற்றுவது? அதற்கும் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருக்கிறார்கள். முதலில் சீபியா போட்டு ஒரு நிறத்தை ஏற்றிவிட்டு, அதன் பிறகு சுழற்றினால் நீலமும் வரும், பச்சையும் வரும்! கறுப்பு ஐகான் ஒன்றை நினைத்த நிறத்துக்குக் கொண்டுவர இன்வர்ட், சீபியா, சாச்சுரேட், ஹியூ ரொட்டேட், பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் என்று 6 ஃபில்டர்களை வரிசையாகக் கோக்கிறார்கள். ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று கையால் கண்டுபிடிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். அதனால் அந்த எண்களைத் தேடிப் பிடிக்கவே தனியாகக் கணிப்பான்கள் எழுதியிருக்கிறார்கள்!

இதைவிடச் சுலபமான ஒன்று இருக்கிறது. எந்த நிறத்து லோகோவாக இருந்தாலும் ஒரே நொடியில் வெள்ளையாக்க வேண்டுமா? பிரைட்னஸ் 0, பிறகு இன்வர்ட் 1. முதலாவது எல்லாவற்றையும் கறுப்பாக்கும், இரண்டாவது அந்தக் கறுப்பை வெள்ளையாகப் புரட்டும்! "எங்கள் வாடிக்கையாளர்கள்" என்று பத்து நிறுவனங்களின் லோகோக்கள் ஒரே வெள்ளையில் வரிசையாக நிற்கும் பக்கங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பலவற்றின் பின்னால் இருப்பது இந்த இரண்டு சொற்கள்தான்!

டார்க் மோடையே இரண்டு ஃபில்டரில் செய்யலாம், தெரியுமா? பக்கம் முழுவதையும் இன்வர்ட் செய்தால் வெள்ளைப் பின்னணி கறுப்பாகும், கறுப்பு எழுத்து வெள்ளையாகும். ஆனால் நீல லிங்க் மஞ்சளாகிவிடுமே? உடனே ஹியூ ரொட்டேட் 180 டிகிரி. மஞ்சள் மறுபடி நீலச் சாயலுக்கே திரும்பிவிடும்! கணக்குப் போட்டால் 218, 218, 255 என்ற வெளிர் நீலம். கறுப்புப் பின்னணியில் படிக்க இதமான நிறம். பக்கத்தில் இருக்கும் மனித முகங்கள் பேய் போலத் தெரியுமே என்கிறீர்களா? படங்களுக்கு மட்டும் அதே இரண்டையும் இன்னொரு முறை போட்டால், முகங்கள் ஏறக்குறையப் பழைய நிறத்துக்கே வந்துவிடும்!

இதையெல்லாம் முதலில் செய்தது யார்?

கேட்டால் நம்ப மாட்டீர்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்! அதுவும் 1997-ல், அதன் 4-ஆம் பதிப்பில்! சாம்பலாக்க ஒன்று, தலைகீழாக்க ஒன்று, அலை அலையாக நெளியவைக்க ஒன்று, ஒளிவட்டம் போட ஒன்று. "எக்ஸ்ரே" என்று ஒரு ஃபில்டர்கூட இருந்தது! படத்தை எக்ஸ்ரே பிலிம் போலவே காட்டும்! ஒரு படம் மறைந்து இன்னொரு படம் வருவதற்கு 23 வகைத் திரைவிலகல்கள் இருந்தன, எதையாவது ஒன்றைத் தானாகத் தேர்ந்தெடுக்க 24-ஆவதாக ஒன்றும் இருந்தது. டயல்-அப் மோடம் கிர்ரென்று கத்திக்கொண்டிருந்த காலத்தில் இத்தனையும்!

2001-ல் வந்த அதன் 6-ஆம் பதிப்பால் ஒளி ஊடுருவும் பிஎன்ஜி படங்களை ஒழுங்காகக் காட்ட முடியவில்லை. கண்ணாடி போலத் தெரிய வேண்டிய இடத்தில் அசிங்கமான சாம்பல் கட்டம் நிற்கும். அந்தக் குறையைச் சரிசெய்யவும் டெவலப்பர்கள் பிடித்துக்கொண்டது இன்னொரு ஃபில்டரைத்தான்! உலகத்துக்கே முன்னால் ஓடிய இந்த பிரவுசர், 2012-ல் 10-ஆம் பதிப்பு வந்தபோது பழைய ஃபில்டர்கள் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டது. புதிய பொதுத்தர ஃபில்டர்களையும் கடைசிவரை ஏற்கவில்லை. அதனால் என்ன ஆயிற்று தெரியுமா? ஊரே சாம்பலாகத் தெரியும் பக்கம், அதன் 10, 11 பதிப்புகளில் மட்டும் முழு வண்ணத்தில் மின்னியது! 15 ஆண்டுகளுக்கு முன் அதுவே கண்டுபிடித்த வித்தை அதற்கே தெரியாமல் போயிற்று!

சரியாக அதே 2012-ல்தான் குரோம் தன் 18-ஆம் பதிப்பிலும், சஃபாரி தன் 6-ஆம் பதிப்பிலும் புதிய ஃபில்டர்களைக் கொண்டுவந்தன. ஃபயர்ஃபாக்ஸ் 2015 ஜனவரியில் வந்து சேர்ந்தது. அதே ஆண்டு ஊனா கிராவெட்ஸ் என்ற இளம் டெவலப்பர் என்ன செய்தார் தெரியுமா? இன்ஸ்டாகிராமின் இருபதுக்கும் மேற்பட்ட ஃபில்டர்களை வெறும் ஸ்டைல்ஷீட்டில் மறுபடி உருவாக்கிக் காட்டினார்! பெயர் சிஎஸ்எஸ்கிராம். சுருக்கிய பிறகு அதன் மொத்த அளவு 1 கேபிகூட இல்லை! உங்கள் போனில் எடுக்கும் ஒரு செல்ஃபி அதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல்!

ஃபில்டர் என்றால் என்ன என்பதையே இன்னும் 150 ஆண்டுகள் பின்னால் போய்ப் பார்த்தால்தான் உண்மையான மலைப்பு. 1861-ல் லண்டனில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் ஒரு கட்டம் போட்ட ரிப்பனை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியே எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒளிபாய்ச்சிக் காட்டினார். உலகின் முதல் வண்ணப் புகைப்படம்! இதில் வேடிக்கை என்ன தெரியுமா? படமெடுத்துக் கொடுத்த தாமஸ் சட்டன் பயன்படுத்திய தகடுகளுக்குச் சிவப்பு ஒளியே உறைக்காது! பிறகு எப்படிச் சிவப்பு பதிந்தது? ரிப்பனில் இருந்த சிவப்புச் சாயம் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரையும் பிரதிபலித்தது. தகட்டில் பதிந்தது அதுதான்! இந்த உண்மை வெளியே வர 100 ஆண்டுகள் ஆயின!

அதே முறையில் செர்கெய் ப்ரோகுடின் கோர்ஸ்கி என்ற ரஷ்யர் 1909 முதல் தன் தேசம் முழுக்கச் சுற்றிப் படமெடுத்தார். 1911-ல் அவர் எடுத்த புகாரா அமீரின் படத்தில் அந்த நீலப் பட்டு அங்கி நேற்று எடுத்தது போல ஜொலிக்கிறது! ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று கறுப்பு வெள்ளைப் பதிவுகள். அடுத்தடுத்து எடுப்பதற்குள் யாராவது அசைந்துவிட்டால், ஓடும் தண்ணீரும் அசைந்த ஆட்களும் சிவப்பும் பச்சையுமாகப் பிரிந்து பேய்நிழல் போலத் தெரிவார்கள். அவருடைய கண்ணாடி நெகட்டிவ்கள் 1,902. 1948-ல் அவற்றை வாங்கியது அமெரிக்க நாடாளுமன்ற நூலகம்.

இப்போது ஸ்டைல்ஷீட்டுக்குத் திரும்புங்கள். படங்களை ஒன்றோடொன்று கலக்க அதில் "மல்டிப்ளை", "ஸ்கிரீன்" என்று தொடங்கி 16 கலவை முறைகள் உண்டு. அந்த மூன்று கறுப்பு வெள்ளைப் பதிவுகளில் ஒன்றைச் சிவப்போடும், ஒன்றைப் பச்சையோடும், ஒன்றை நீலத்தோடும் "மல்டிப்ளை" செய்து, மூன்றையும் "ஸ்கிரீன்" முறையில் அடுக்கினால் புகாரா அமீர் உங்கள் பிரவுசரிலேயே வண்ணத்தில் எழுந்து உட்காருவார்! போட்டோஷாப் வேண்டாம், வேறு மென்பொருள் வேண்டாம், ஜாவாஸ்கிரிப்ட்கூட வேண்டாம்! இந்த ஒன்றுக்காகவே ஸ்டைல்ஷீட்டைக் கற்றுக்கொள்ளலாம் என்பேன்!

மங்கலுக்குப் பின்னால் ஒரு மேதை!

பிளர் ஃபில்டரில் நீங்கள் கொடுக்கும் 5 பிக்சல் என்பது என்ன? மங்கலின் அகலமா? இல்லை! அது புள்ளியியலில் வரும் திட்ட விலக்கம்! மணி வடிவத்தில் எழுந்து இறங்கும் அந்த வளைவு, ஜெர்மன் கணித மேதை கார்ல் ஃபிரெட்ரிக் காஸின் பெயரால் வழங்குவது. 1990-களில் ஜெர்மனியில் புழங்கிய 10 மார்க் நோட்டில் அவர் முகமும் அந்த வளைவும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகியிருந்தன! பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்குப் படித்த அதே வளைவுதான் உங்கள் புகைப்படத்தைப் பனிமூட்டமாக்குகிறது.

20 பிக்சல் பிளர் போட்டால் ஒவ்வொரு புள்ளியும் தன்னைச் சுற்றி 121க்கு 121 என்ற கட்டத்தில் இருக்கும் 14,641 புள்ளிகளை விசாரிக்க வேண்டிவரும்! அதை முதலில் படுக்கைவாட்டில் 121, பிறகு செங்குத்தாக 121 என்று பிரித்துவிட்டால் வெறும் 242! விடை? அதேதான்! அதைவிடவும் மலிவான வழி ஒன்று அதிகாரபூர்வ விதிநூலிலேயே இருக்கிறது. எடையெல்லாம் பார்க்காமல் பக்கத்துப் புள்ளிகளின் சாதாரணச் சராசரியை எடுங்கள். அதையே மூன்று முறை அடுத்தடுத்துச் செய்யுங்கள். காஸின் வளைவுக்கும் இதற்கும் ஏறத்தாழ 3 சதவீதம்தான் வித்தியாசம்! கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது!

மங்கலாகிவிட்டால் படம் பத்திரம் என்று நினைக்கிறீர்களா? இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். ஸ்டைல்ஷீட் பிளர் எதையும் மறைப்பதே இல்லை! மங்கலாகத் தெரியும் பட்டனை அழுத்தினால் வேலை செய்யும். மங்கலான எழுத்தைத் தேர்வு செய்து காப்பி எடுத்தால் முழுசாக வந்துவிடும். பார்வையற்றோர் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர் அதைத் தடங்கலின்றி வாசித்துக்காட்டும். மங்கலான அடையாள அட்டைப் படமா? மூலப்படம் ஒரு ரைட் கிளிக் தூரத்தில் இருக்கிறது! யாருடைய ஆதார் எண்ணையோ, வங்கிக் கணக்கையோ, ஒரு குழந்தையின் முகத்தையோ இணையப் பக்கத்தில் மறைக்க வேண்டுமென்றால், தயவுசெய்து படத்தையே வெட்டியோ அழித்தோ ஏற்றுங்கள். ஸ்டைல்ஷீட்டை நம்பி ஏற்றாதீர்கள்!

ஃபில்டரை வைத்தே திருடவும் முடியும், தெரியுமா? உங்கள் பக்கத்தின் ஒரே ஒரு புள்ளியைப் பெரிதாக்கி, அதன்மேல் கனமான ஃபில்டரைப் போட்டு, அது முடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பார்கள். கறுப்புப் புள்ளிக்கு ஒரு நேரம், வெள்ளைப் புள்ளிக்கு இன்னொரு நேரம்! இப்படிப் புள்ளி புள்ளியாகத் திரையையே படித்துவிடலாம் என்று 2013-ல் பால் ஸ்டோன் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் காட்டினார். 2018-ல் இரண்டு ஆய்வாளர்கள் கலவை முறைகளை வைத்து, வேறொரு தளத்திலிருந்தே ஒருவருடைய ஃபேஸ்புக் பெயரைச் சுமார் 20 வினாடிகளில் படித்துக்காட்டினார்கள். புரொஃபைல் படத்துக்குச் சுமார் 5 நிமிடம்! பிரவுசர்கள் அந்த ஓட்டையை அடைத்தன. விட்டதா கதை? 2023-ல் "ஜிபியு.ஜிப்" என்ற புதிய தாக்குதல்! கிராஃபிக்ஸ் சிப் படத்தைச் சுருக்கும் விதத்தை மோப்பம் பிடித்து, விக்கிப்பீடியாவில் நுழைந்திருக்கும் ஒருவரின் பயனர்பெயரை ஒரு கம்ப்யூட்டரில் 30 நிமிடத்திலும், இன்னொன்றில் 215 நிமிடத்திலும் பிடித்தார்கள்!

பதினோராவது ரகசியக் கதவு என்றேனே, அது இதுதான். ஸ்டைல்ஷீட்டின் ஃபில்டர் வரியில் ஒரு எஸ்விஜி ஃபில்டரின் முகவரியைக் கொடுக்கலாம். படம் வரையும் மொழியான எஸ்விஜி 2001-லேயே உலகத்தரமாக அறிவிக்கப்பட்டது. அதில் நிறங்களை மாற்ற 20 எண்கள் கொண்ட ஒரு கட்டம் உண்டு. அந்த 20 எண்களில் கிரேஸ்கேலும் அடக்கம், சீபியாவும் அடக்கம், நீங்கள் நாளைக்குக் கண்டுபிடிக்கப்போகும் நிறமும் அடக்கம்! ஒரு விசித்திரம்: அதே எண்களை இந்தக் கதவு வழியாகக் கொடுத்தால் நிறம் கொஞ்சம் வேறாகத் தெரியும்! எஸ்விஜி ஃபில்டர்கள் இயல்பாகவே ஒளியின் உண்மையான அளவை வைத்துக் கணக்குப் போடுகின்றன, மற்ற பத்தும் திரையின் எண்களை வைத்துப் போடுகின்றன.

அந்தக் கதவுக்குப் பின்னால் படமே இல்லாமல் படம் வரையும் ஃபில்டரும் இருக்கிறது! மேகம், பளிங்கு, சொரசொரப்பான காகிதம், எல்லாமே வெறும் எண்களிலிருந்து! "டர்புலன்ஸ்" என்ற அந்த ஃபில்டருக்குள் ஓடுவது கென் பெர்லின் உருவாக்கிய கணக்கு. 1982-ல் வந்த "ட்ரான்" படத்தில் வேலை பார்த்தபோது, கம்ப்யூட்டர் வரைந்தவை எல்லாம் இயந்திரத்தனமாக வழவழவென்று இருப்பது பிடிக்காமல்தான் இதை யோசித்தார். அதற்காக 1997-ல் அவருக்கு ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது! ஆஸ்கர் வாங்கிய கணக்கு உங்கள் பிரவுசருக்குள் இலவசமாகக் கிடக்கிறது!

நிறக்குறைபாடு உள்ளவர்களின் கண்ணால் உங்கள் பக்கத்தைப் பார்க்க முடியுமா? முடியும்! 2020-ல் வந்த குரோம் 83 முதல் அதற்கான வசதி டெவலப்பர் கருவிகளுக்குள் இருக்கிறது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு பச்சைக் குழப்பம் உண்டு. சிவப்பில் "தவறு", பச்சையில் "சரி" என்று நிறத்தை மட்டும் நம்பி எழுதிய பக்கத்தை ஒருமுறை அப்படிப் பார்த்தால், அடுத்த நிமிடமே மாற்றத் தோன்றும்!

பாக்ஸ் ஷேடோவும் டிராப் ஷேடோவும் ஒன்றா? நட்சத்திர வடிவப் பிஎன்ஜி படத்துக்குப் பாக்ஸ் ஷேடோ போட்டால் சதுர நிழல் விழும். டிராப் ஷேடோ ஃபில்டர் போட்டால் ஐந்து முனையோடு நட்சத்திர நிழல்!

ஒரு பகுதிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் மங்கலாக்கும் பேக்டிராப் ஃபில்டர் தெரியுமா? 2013-ல் ஐஓஎஸ் 7 பிரபலமாக்கிய பனிக்கண்ணாடித் தோற்றம் அதுதான். சஃபாரியில் 2015, குரோமில் 2019, ஃபயர்ஃபாக்ஸில் 2022. மூன்று பிரவுசர்களும் ஒரே கண்ணாடியைப் போட 7 ஆண்டுகள்!

இத்தனை படித்துவிட்டுச் சும்மா இருக்கலாமா? கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து, ஏதாவது ஒரு படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து "இன்ஸ்பெக்ட்" என்பதை அழுத்துங்கள். "ஸ்டைல்ஸ்" பகுதியின் உச்சியில் இருக்கும் "எலிமென்ட்.ஸ்டைல்" கட்டத்தில் ஃபில்டர் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். முதலில் சீபியா 1. அடுத்து அதோடு ஹியூ ரொட்டேட் 180 டிகிரி. பிறகு சாச்சுரேட் 5. கடைசி இரண்டு எண்களையும் கீபோர்டின் மேல் அம்புக்குறியால் ஏற்றிக்கொண்டே போங்கள், படம் கண்ணெதிரே நிறம் மாறும்! ஏதாவது கெட்டுப்போகுமோ என்ற பயமே வேண்டாம். மாறுவது உங்கள் திரையில் மட்டும்தான், பக்கத்தை ஒருமுறை ரீஃப்ரெஷ் செய்தால் எல்லாம் பழையபடி வந்துவிடும்!